2005 என்று எழுதியிருக்கிறதே என்று நம்பி வைன் வாங்காதீர்கள்

பரிஸில் இருக்கிற நம்மவர்கள், முக்கியமாகப் பிள்ளையின் பிறந்த ஆண்டு வைன் ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள், இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்குப் போனது 360 யூரோ. போத்தல் ஒன்று 120 படி மூன்று போத்தல். அந்தக் காசைச் சேர்க்க எனக்கு எவ்வளவு காலம் எடுத்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

என் மகள் பிறந்தது 2005இல். இங்கே பல குடும்பங்களில் பிள்ளை பிறந்த வருடத்து வைனை வாங்கி நிலவறையில் படுக்க வைத்துவிடுவார்கள். பிள்ளை வளர்ந்தபிறகு ஒரு நல்ல நாளில் திறப்பார்கள். எனக்கு அன்றைக்கு அந்த வசதி இல்லை. உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த காலம் அது. மகளுக்கு இருபது வயது ஆகும்போதாவது அதைச் செய்துவிட வேண்டும் என்று மனதில் இருந்தது.

2005 எப்படிப்பட்ட ஆண்டு என்பதைப் பிறகு உணவகத்தில்தான் தெரிந்துகொண்டேன். போர்தோ என்ற பிரான்ஸின் வைன் பிரதேசத்தில் அந்த வருடம் மழை மிகக் குறைவு. 2003இல் அடித்த மாதிரி அனல் அடிக்கவில்லை, ஆனால் நிலம் நன்றாகக் காய்ந்திருந்தது. திராட்சை சிறுத்து, தோல் தடித்துப் பழுத்தது. செப்டெம்பர் அறுவடை வரைக்கும் காலநிலை கைவிடவில்லை. ஆற்றின் இடது கரையில் கபெர்னே சொவின்யோன் திராட்சை, வலது கரையில் மெர்லோ திராட்சை, இரண்டும் ஒரே வருடத்தில் இப்படித் தேறுவது அபூர்வம்.

ஆறு வருடங்களுக்கு முன், எங்கள் உணவகத்தில் வைனுக்குப் பொறுப்பான சொமலியே ஒரு இரவு என்னைக் கூப்பிட்டார். ஒரு மேசைக்காரர் போர்தோவின் போயாக் ஊரில் செய்த 2005 வைன் போத்தலில் கொஞ்சம் மிச்சம் விட்டுப் போயிருந்தார். இரண்டு விரல் அளவு ஊற்றி, கிளாஸைச் சரித்து வெள்ளை மேசைவிரிப்புக்கு மேலே பிடிக்கச் சொன்னார். நடுவில் நாவற்பழக் கருமை, விளிம்பில் மட்டும் மெல்லியதாகச் செங்கல் நிறம். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் முதலில் கசிஸ் என்ற கறுப்புப் பழம், பிறகு புதிதாகச் சீவிய பென்சிலின் மணம், கடைசியில் மழை நின்ற பின் வரும் மண்வாசம். குடித்தால் நல்ல தேயிலைச் சாயம் மாதிரி ஒரு துவர்ப்பு, ஆனால் கரகரப்பு இல்லை. விழுங்கிவிட்டுப் பாத்திரங்களை அடுக்கப் போய்விட்டேன். திரும்பி வரும்போதும் அந்தச் சுவை நாக்கில் இருந்தது. கபெர்னே என்றால் இதுதான் என்றார் அவர். அந்தச் சுவையை என் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

கடை பெரிய கண்ணாடி வைத்த, மேற்குப் பார்த்த கடை. போயாக்கில், போர்தோ வைன் தோட்டங்களுக்கு 1855இல் போட்ட தரவரிசையில் ஐந்தாம் வகுப்பில் இருக்கிற ஒரு ஷத்தோவின் (வைன் தோட்டத்தின்) 2005 இருக்கிறது என்றார் கடைக்காரர். ஒவ்வொரு போத்தலையும் மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றி மரப்பெட்டியில் வைத்திருந்தார். "நேரே ஷத்தோ நிலவறையில் இருந்து வந்தது, யாரும் கை வைக்கவில்லை" என்றார். லேபிள் தெரிகிற அளவுக்கு மட்டும் தாளை விலக்கிக் காட்டினார். மரியாதைக்காக நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அங்கேதான் பிழை விட்டேன். நீங்கள் தாளை முழுதாகப் பிரித்துப் பாருங்கள்.

பிறந்தநாளுக்கு முதல் நாள், அடியில் இருக்கிற மண்டி படியட்டும் என்று ஒரு போத்தலை நிமிர்த்தி வைக்கத் தாளைப் பிரித்தேன். வைன் கழுத்தில் இல்லை. தோள் வளைகிற இடத்துக்குப் பாதிவரை இறங்கி நின்றது. இருபது வருடப் போத்தலில் அது கழுத்துக்குள்ளோ கழுத்தின் அடியிலோ நிற்க வேண்டும். கழுத்தைச் சுற்றிய தகட்டு உறையைத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. உள்ளே கசிந்த வைன் காய்ந்து பசை மாதிரி ஒட்டியிருந்தது. அப்போதும் மனம் கேட்கவில்லை, சரியாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் எல்லோரும் மேசையைச் சுற்றி இருக்கத் திறந்தேன். தக்கையில் ஷத்தோவின் பெயரும் 2005உம் தெளிவாகச் சுட்டிருந்தது. அதே தக்கையின் ஒரு பக்கத்தில் அடியிலிருந்து நுனிவரை ஊதாக் கோடு. கிளாஸில் ஊற்றினால் விளிம்பு மட்டுமில்லை, நடுவும் மண்ணிறம். கசிஸும் இல்லை, பென்சிலும் இல்லை. உலர்ந்த பிளம்ஸைச் சீனி போட்டு அடுப்பில் மறந்துவிட்ட மாதிரி ஒரு மணம். வாயில் புளிப்பு மட்டும் நின்றது, நடு வெறுமை. கராஃப் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணித்தியாலம் விட்டுப் பார்த்தேன், இன்னும் மோசமானது. இரண்டாவது போத்தலும் அதே.

மகள் தன் கிளாஸைக் கடைசி வரை குடித்துவிட்டு, "நல்லாயிருக்கப்பா" என்றாள். எனக்காகச் சொன்னாள். எனக்கு அந்த இரவு நித்திரை வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வைன் கெட்டுவிட்டது என்றால் நம்மில் பலர் உடனே 'புஷொனே', அதாவது தக்கையால் கெட்டது, என்பார்கள். அது வேறு. அது தக்கையில் உண்டாகும் டிசிஏ என்ற சேர்மத்தால் வருவது, நனைந்த அட்டைப்பெட்டி மணக்கும். போத்தலுக்குப் போத்தல் வரும், போகும், விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம். இது வெக்கை. சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், ஓரத்தால் கசியும். குளிரும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். அப்படிச் சில கோடை போனால் எந்த ஆண்டு வைனும் தாங்காது. 12, 14 பாகையில், இருட்டில், படுத்திருக்க வேண்டிய போத்தல் அது. மூன்று போத்தலில் இரண்டு ஒரே மாதிரிப் போயிருக்கிறது என்றால், வைத்திருந்த இடம்தான் காரணம்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். தக்கைகளையும், மிச்சத்தை மூடிய போத்தலையும் கொண்டுபோனேன். அவர் மணந்துகூடப் பார்க்கவில்லை. "பழைய வைன் இப்படித்தான் இருக்கும். உங்கள் ஆட்களுக்கு இந்தச் சுவை பழக்கமில்லை" என்றார். இருபது வருடம் இந்த ஊரின் சமையலறைகளில் நின்றவன் நான். நல்ல போயாக் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காசு போனதைவிட அந்த வசனம்தான் இன்னும் உறுத்துகிறது.

பற்றுச்சீட்டை நீட்டினேன். அதில் 'வென் ரூஜ், 3', அதாவது சிவப்பு வைன் மூன்று, என்று மட்டும் இருந்தது. ஷத்தோவின் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. "இந்தப் போத்தல் என் கடையுடையது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். வாங்கும்போது அந்தத் துண்டை நான் வாசிக்கவே இல்லை. நீங்கள் காசு கொடுக்க முதல் பெயரும் ஆண்டும் எழுதிய பில் கேளுங்கள். தர மறுத்தால் போத்தலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். போத்தலை வெளிச்சத்துக்கு முன் பிடித்து மட்டத்தைப் பாருங்கள், உறை திரும்புகிறதா பாருங்கள், தக்கை மேலே எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கடைக்காரர் உங்களுக்கு வேண்டாம். எங்கள் சொமலியே வாங்கும்போது இதைத்தான் செய்வார், யாரும் அவரை அவமரியாதை என்று நினைப்பதில்லை.

வைன் மோசடி என்றால் கோடீஸ்வரர்களின் பிரச்சினை என்றுதான் நானும் இருந்தேன். ரூடி குர்னியவான் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். போலி வைன் விற்றதற்கு 2014இல் நியூயோர்க் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருடச் சிறை கொடுத்தது. அவர் வழியாக ஏலத்துக்கு வந்த, பொன்சோ குடும்பத்தின் பெயர் போட்ட குளோ சென்-தெனி என்ற பூர்கோன் வைன் போத்தல்கள் சிலவற்றில் 1945 என்று இருந்தது. பொன்சோ குடும்பமோ அந்த வைனைச் செய்யத் தொடங்கியதே 1982இல்தான். அங்கே லேபிள் பொய், அதனால் பிடிபட்டது. எனக்கு விற்றதில் லேபிள் உண்மை, தக்கை உண்மை, ஆண்டும் உண்மை. சூட்டில் நின்றதை நிலவறையில் இருந்தது என்று சொன்ன வாய்தான் பொய். அதை நிரூபிப்பது கஷ்டம்.

மூன்றாவது போத்தலைத் திறக்கவில்லை. சொமலியேயிடம் காட்டினேன். விளக்குக்கு நேரே பிடித்தவுடனே தலையை ஆட்டினார். மட்டம், ஒட்டிய உறை, அதன் அடியில் எழும்பி நிற்கும் தக்கை எல்லாவற்றையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, வங்கி அட்டைக் கணக்குத் துண்டோடு சேர்த்து நுகர்வோருக்கான அரசாங்கத்தின் இணையத்தளமான சிக்னல்கொன்சோவில் முறைப்பாடு போட்டிருக்கிறேன். கடைக்கும் அது போகும், மோசடித் தடுப்பு அதிகாரிகளும் பார்ப்பார்கள். இதே மாதிரி வெள்ளைத் தாளில் சுற்றிய 2005 போயாக் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால், தக்கையை எறியாதீர்கள், நீங்களும் போடுங்கள்.