பாகாயமா, அடுக்கம்பாறையா?

கல்லூரி வயதில் ஆட்டிசம் சந்தேகம் வந்தால் வேலூரில் இரண்டு வழி. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவு: கட்டணம் உண்டு, ஆனால் பதற்றமா, ஆட்டிசமா என்று பிரித்தறிய முதலில் அங்கே போவதே நல்லது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: செலவு குறைவு, கூட்டமும் இரைச்சலும் அதிகம். காதில் வைக்கப் பஞ்சாவது கொண்டுபோங்கள்.

ஊனச் சான்றிதழுக்கு அரசு மருத்துவக் குழுதான். ஆட்டிசத்தை மதிப்பெண் போட்டு அளக்கும், 40 அம்சங்கள் கொண்ட இசா (ISAA) அளவுகோலில் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்றே கணக்கு. அறிகுறிகளை மறைத்துச் சமாளித்துப் பழகிய, நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் இங்கேதான் விடுபடுகிறார்கள், பாவம். அதனால் அம்மாவைக் கூட்டிப்போங்கள்: சின்ன வயதில் பேச்சு எப்போது வந்தது, மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடினானா என்று அவர்தான் சொல்ல முடியும். சான்றிதழில் ஊனம் 40 சதவீதமாவது இருந்தால் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கேட்கலாம்.