11 அங்குலக் குழாயும் பூஞ்சையும்: ஆறு வருஷக் கதை

"அண்ணே, உங்களோட மாதிரி 11 அங்குல டெலஸ்கோப் விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டான். சரியான நாள் பார்த்துத்தான் கேட்டான். அன்றைக்குத்தான் என் டெலஸ்கோப் 380 சிங்கப்பூர் வெள்ளி செலவில் குளித்துவிட்டு வீடு திரும்பியிருந்தது. அதனால் இதில் கொஞ்சம் காரம் தூக்கலாக இருக்கும்.

11 அங்குலம், 2800 மில்லிமீட்டர் குவியத் தூரம், ஷ்மிட்-காசெக்ரைன் (முன்னால் ஒரு கண்ணாடித் தகடு, உள்ளே ஆடிகள் உள்ள வகை), கூடவே ஒரு கலர் கேமரா. இதெல்லாம் எந்தக் கடையிலும் எழுதியிருப்பான். இதை எங்கே வைப்பது என்றுதான் ஒருவனும் எழுதமாட்டான். ஏர்கான் அறையில் வைத்தால் ஈரம் பிடிக்காது, சரி. ஆனால் கீழே கொண்டுபோய் மூடியைத் திறந்த அடுத்த நிமிஷம், குளிர்ந்த முன்கண்ணாடி இட்லிப் பானை மூடி மாதிரி நீர் கோத்துக்கொள்ளும். அது வெளிச்சூட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் மேகம் வந்துவிடும். ஏர்கான் இல்லாத பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை) வைத்தால் எடுத்த உடனே படம் பிடிக்கலாம், ஆனால் அந்த இரும்புக் கதவுக்குள் பூஞ்சை குடும்பம் நடத்தும். கேமரா லென்ஸ் போல ஈரம் அண்டவிடாத டிரை கேபினட்டில் வைக்கலாமே என்றால், 12 கிலோவுக்கு மேல் எடையுள்ள இந்தக் குழாய் நுழையும் கேபினட்டை வாங்கினால் நாங்கள் வரவேற்பறையில் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும்.

கடைசியில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே இரண்டு கிலோ சிலிக்கா ஜெல். நீலம் ரோஸ் நிறமானால் ஓவனில் போட்டுக் காயவைக்கணும். (மனைவி கேக் செய்வதை நிறுத்திவிட்டார், காரணம் இதுதானா என்று நான் கேட்கவில்லை.) ஐந்து வருஷம் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன். போன டிசம்பர் மழையில் இரண்டு மாதம் மறந்தேன். திறந்து டார்ச் அடித்தால் முன்கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை.

கழுவக் கொடுத்த இடத்தில் பளபளவென்று துடைத்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கண்ணாடியைக் கழற்றும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்துவைத்து அப்படியே திருப்பி மாட்டணும். தொழிற்சாலையிலேயே மற்ற கண்ணாடிகளோடு பொருத்திப் பார்த்து வைப்பது அது. இவர்கள் இஷ்டத்துக்கு மாட்டிவிட்டார்கள். எத்தனை தடவை காலிமேஷன் (ஆடிகளை நேர்ப்படுத்துவது) செய்தும் நட்சத்திரம் ஒரு பக்கம் வீங்கியே தெரிந்தது. போனில் கிடந்த பழைய படமொன்றில் விளிம்பிலிருந்த சின்னக் கீறல் தெரிந்ததால் பிழைத்தேன், நானே திருப்பி மாட்டினேன். கொடுப்பதற்கு முன் நானாவது ஒரு பென்சில் கோடு போட்டிருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, திட்டியாயிற்று. இப்போது நம் சிங்கப்பூர்க் காற்று. படத்தை ஆட்டிவைக்கும் ஜெட் ஸ்ட்ரீம், அதாவது உயரத்தில் வேகமாக ஓடும் காற்று, நமக்கு வடக்கிலும் தெற்கிலும் தள்ளித்தான் ஓடுகிறது, நல்ல இரவுகளில் வியாழன் ஒட்டிவைத்த பொட்டு மாதிரி அசையாமல் நிற்கும். பிலிப்பீன்ஸின் செபுவில் இருக்கும் கிறிஸ்டோபர் கோ, 2006 பிப்ரவரியில் வியாழனின் ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறியிருப்பதை உலகத்துக்கே முதலில் சொன்னது இதே 11 அங்குல அளவில் பிடித்த படத்தை வைத்துத்தான். அதைப் படித்துத்தான் நானும் வாங்கினேன். 2025 செப்டம்பரில் சனி கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேலே வந்தது. லண்டன்காரனுக்கு அது 40 பாகையைக்கூடத் தாண்டவில்லை. தாழ்வாக இருந்தால் காற்று நிறங்களைப் பிரித்து ஓர் ஓரத்தில் சிவப்பும் மறு ஓரத்தில் நீலமும் ஒட்டவைக்கும், அதைச் சரிசெய்ய அவன் தனியாக ஒரு கருவி வாங்கணும். நமக்கு அந்தச் செலவே இல்லை.

பிடிக்கும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு நிமிஷ வீடியோ, பத்தாயிரத்துக்கு மேல் பிரேம், அதில் நல்லதைப் பொறுக்கி ஸ்டாக் செய்வது, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குவது. அதற்கு மேல் நீட்டினால் 9 மணி 55 நிமிஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றும் வியாழன் நகர்ந்து படம் இழுபட்டுவிடும். ஒன்றை மட்டும் தம்பிக்குச் சொல்லணும்: அகச்சிவப்பு வெட்டும் பில்டரை மறக்காதே. சென்சார் மேலிருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டி மூன்றுமே அகச்சிவப்பை உள்ளே விட்டுவிடும். நான் அது தெரியாமல் முதல் வருஷம் முழுக்கப் பால் ஊற்றிய ரோஸ் சிரப் மாதிரி வியாழனாகப் பிடித்துத் தள்ளினேன்.

நெபுலா (விண்வெளியில் இருக்கும் வாயு மேகம்) பிடிக்கும் ஆசை இருந்தால் இங்கே வேண்டாம். 2016இல் வந்த உலக வரைபடத்தில் ஒளி மாசில் முதலிடம் நமக்குத்தான். கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் ஒருமுறை பக்கத்து புளோக் ஆன்டிக்கு ஓரியன் நெபுலாவைக் காட்டினேன். "கலர் எங்கே?" என்றார். மங்கல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது, கேமராவுக்குத்தான் அந்த ஹைட்ரஜன் சிவப்பு கிடைக்கும் என்று விளக்கினேன். "அப்போ நீதான் பெயிண்ட் அடிக்கிறே" என்று சொல்லிவிட்டு மின்தூக்கிப் பக்கம் போய்விட்டார்.

ஆகவே தம்பி, வாங்காதே. 8 அங்குலம் வாங்கு, அது பெரிய டிரை கேபினட்டில் படுத்துக்கொள்ளும். பழசைக் கொடுப்பீர்களா என்று அடுத்த மெசேஜ் அனுப்பியிருக்கிறாய், பார்த்தேன். கொடுக்கமாட்டேன்.