கலோரி ஆப்: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

ஜிம்மில் சேர்ந்த கையோடு போனில் ஏறிவிடும் கலோரி ஆப்பைப் பற்றித்தான் இது. கொடுத்த இரண்டு நட்சத்திரமும் சர்க்கரை நோயாளிக்கு அளவு பழக்கித் தருவதற்காக.

கணக்கே முதலில் இடிக்கிறது. அவித்த மரச்சீனியை எடை போட்டுவிடலாம். தீயல் குழம்புக்கு வறுத்தரைத்த தேங்காய் ஒரு கிண்ணத்தில் எத்தனை கிராம் என்பது அரைத்தவருக்கே தெரியாது. அது சின்னக் குறை. பெரியது, நாளுக்கு 1,200 கலோரி என்று இலக்கு வைத்து, தாண்டினால் எண்ணைச் சிவப்பாக்குவது. 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு 24 வாரம் நாளுக்குச் சுமார் 1,600 கலோரி கொடுத்துப் பார்த்தார் (அவர்கள் வாரம் 35 கி.மீ. நடந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்). சாப்பாட்டு நினைப்பே பிழைப்பானது. சமையல் குறிப்பு சேர்த்தார்கள். கட்டுப்பாடு உடைந்து அள்ளித் தின்றவர்களும் உண்டு. ஒல்லியாகும் ஆசையில் சேர்ந்தவர்கள் அல்ல அவர்கள். பட்டினியே மனதைத் திருப்பிவிட்டது.

உண்ணும் கோளாறுகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் விளக்கும் சுழற்சி இது: தன் மதிப்பை எடையில் வைப்பது, கடும் விதி, ஒருமுறை மீறல், ‘போச்சு, இனி என்ன’ என்று அள்ளித் தின்பது, வாந்தி, இன்னும் கடும் விதி. சிவப்பு எண் அந்த மீறலைத்தான் பெரிதாக்குகிறது. தின்றதை நடந்து கழிக்கச் சொல்லும் வசதியோ, வாந்தியின் இடத்தில் உடற்பயிற்சியை வைக்கிறது.

சுழற்சியின் முதல் படி, தன் மதிப்பை எடையில் வைப்பது, ஆப்பால் வருவதல்ல. கல்யாண வீட்டில் ‘தடிச்சுட்டியே மக்களே’ என்பதும், பெண்பார்க்க வருபவர் கண்ணும் அதைச் செய்துவிடும். ஃபிஜியின் ஒரு பகுதிக்கு 1995இல் டிவி வந்தது. 1998இல் அங்கே 11.3 சதவீத மாணவிகள் எடை குறைக்க வாந்தி எடுத்ததாகச் சொன்னார்கள், முன்பு ஒருவரும் சொல்லவில்லை. கூடவே, ‘வயிறு உப்புது’ என்றோ தவக்கால நோன்பு என்றோ சொல்லிச் சோற்றைக் குறைப்பவரிடம் எடை பற்றிய பயமே வெளியில் தெரியாது. எடையை மட்டும் கேட்கும் ஆப் அவரைத் தவறவிடும்.

இதைவிட ஒரு நோட்டு மேல். நேரம், இடம், தின்றது, அளவு மீறியதாகத் தோன்றினால் ஒரு நட்சத்திரக் குறி, வாந்தி எடுத்தால் அதுவும், அப்போதைய மனநிலை. கலோரி வேண்டாம். தின்றவுடன் எழுதணும், ராத்திரி ஞாபகத்திலிருந்து எழுதினால் பாதி கற்பனைதான். மூன்று வேளை, இடையில் இரண்டு மூன்று சிறுதீனி, இடைவெளி 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எடை வாரம் ஒருமுறை.

மயக்கம், மாதவிடாய் நிற்பது, அடிக்கடி வாந்தி இருந்தால் நோட்டும் போதாது. பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறும். குமரி மாவட்டத்தில் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மிகவும் மெலிந்தவருக்கு வீட்டில் திடீரென நிறைய ஊட்டினாலும் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து ஆபத்தாகும். பேசிப் பார்க்க அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. வாந்தி எடுத்ததும் பல் தேய்க்காதீர்கள், அமிலத்தோடு எனாமலும் தேயும். தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.