பறவை மோதினால் முதலில் பிழைக்க வேண்டியது கண்: சிறு விமான விமானிக்கு ஹெல்மெட்டா, ஹெட்செட்டும் கண்ணாடியுமா?

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்சிக்கு ஏறுகிறவர் தலையில் ஹெல்மெட் இருக்கும், கண்ணுக்கு மேல் வைசர் இருக்கும். சில கிலோமீட்டர் தள்ளி மீனம்பாக்கத்தில் செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைப் பயிற்சி விமானம் கிளம்பினால், அதை ஓட்டுகிறவர் தலையில் ஒரு ஹெட்செட், வெயிலுக்கு ஒரு கூலிங் கிளாஸ், அவ்வளவுதான். இருவரும் பறப்பது அதே ஊர்ப்பருந்துகளுக்கு நடுவில்.

பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளும், அவர்களை அனுப்புகிற அப்பா அம்மாக்களும் இதைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி: "நாமும் ஒரு ஹெல்மெட் வாங்கிடலாமா?" நியாயமான கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு இருக்கை விமானத்தில் பயிற்சி எடுப்பவர் முதல் பணத்தைக் கண்ணுக்குச் செலவழிக்க வேண்டும். ஹெலிகாப்டரிலோ திறந்த மைக்ரோலைட்டிலோ (மிக இலகுவான குட்டி விமானம்) பறப்பவர் தயங்காமல் ஹெல்மெட் வாங்க வேண்டும். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முன்கண்ணாடி எவ்வளவு தாங்கும்?

பெரிய பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி, பயண வேகத்தில் 1.8 கிலோ எடையுள்ள பறவை மோதினாலும் உள்ளே விடக்கூடாது என்பது அமெரிக்க விதி. சிறு விமானங்களில், கம்யூட்டர் வகைக்கு (குறுந்தூரப் பயணிகளை ஏற்றும் சற்றே பெரியவை) மட்டும் இறங்கும் வேகத்தில் சுமார் 900 கிராம் பறவையைத் தாங்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். நாம் பயிற்சி எடுக்கும் செஸ்னா போன்றவற்றுக்கு அப்படி ஒரு நிபந்தனையே இல்லாமல்தான் சான்றிதழ் கிடைத்தது. முன்னால் இருப்பது ஒற்றை அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு. காற்றையும் மழையையும் தடுக்கத்தான் அது. ஹெலிகாப்டரிலும் இதே கதை: பெரிய வகைக்கு 1 கிலோ பறவைக்கான விதி 1990-களில் வந்தது, சிறிய வகைக்கு அப்போது வரவில்லை.

இப்போது சென்னை வானத்தைப் பாருங்கள். ஊர்ப்பருந்து முக்கால் கிலோ அளவுக்கு இருக்கும். மஞ்சள்மூக்கு நாரை 2 முதல் 3 கிலோ. கூழைக்கடா 5 கிலோவைத் தொடும். மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதைக்கு அடியிலேயே அடையாறு ஓடுகிறது. ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக் கிடங்கு, அதை ஒட்டி 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலம், இன்னொரு பக்கம் போரூர், செம்பரம்பாக்கம் ஏரிகள். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவையை இழுக்கும் விதத்தில் குப்பை கொட்டக்கூடாது, ஆடுமாடு வெட்டக்கூடாது என்று 1937 விமான விதிகளின் 91-ஆம் விதி சொல்கிறது. பல்லாவரம், பம்மல் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறைச்சிக் கடைகளுக்கு மேலே வட்டமிடும் பருந்துகளைப் பார்த்தால் அந்த விதி எவ்வளவு தூரம் நடக்கிறது என்று தெரியும். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. தரையில் முடிய வேண்டிய வேலையை விமானியின் தலையில் ஏற்றுகிறோம்.

ஒரு கணக்கு. முக்கால் கிலோ பருந்து, 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் வரும் விமானத்தின் மீது மோதினால் அந்த மோதலின் ஆற்றல் கிட்டத்தட்ட 1,000 ஜூல். நல்ல பைக் ஹெல்மெட்டை முன்பிருந்த ஐரோப்பிய 22.05 தரத்தில் சோதித்தபோது, நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் இரும்புப் பட்டறை மேல் போட்டார்கள். அதன் ஆற்றல் சுமார் 130 ஜூல்தான். பறவை மென்மையான உடம்பு, கண்ணாடியில் மோதியே ஆற்றலில் ஒரு பங்கை இழந்துவிடும், மிச்சம் எல்லாமும் தலையில் இறங்காது என்பதெல்லாம் சரி. ஆனாலும் முழுப் பறவை நேராக முகத்துக்கு வந்தால் எந்தத் தலைக்கவசத்தையும் முழுதாக நம்ப முடியாது. கவசத்தின் வேலை வேறு. உடைந்த அக்ரிலிக் சில்லுகள், எலும்பு, ரத்தம், அப்புறம் 100 நாட் காற்று, இவை எல்லாம் ஒரே நொடியில் முகத்தில் அடிக்கும்போது விமானி தொடர்ந்து பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், இறக்கை முழுதாக இருக்கும், விமானம் பறக்கத் தயாராகவே இருக்கும். அதைத் தரைக்குக் கொண்டுவரக் கண் வேண்டும்.

வழக்கமான ஹெட்செட், கூலிங் கிளாஸ்

டேவிட் கிளார்க் பச்சை ஹெட்செட் அரைக் கிலோவுக்குப் பக்கம், போஸ் ஏ20 சுமார் 340 கிராம். காதைக் காப்பதில் இரண்டும் தேறியவை. மோதலின்போது என்ன ஆகும்? தலையைச் சுற்றி ஒரு வளையம் மட்டும்தான் பிடிமானம், தாடைப் பட்டை கிடையாது. முன்கண்ணாடி போய்க் காற்று உள்ளே புகுந்தால் ஹெட்செட் தலையில் நிற்கும் என்று சொல்ல முடியாது. அது போனால் ரேடியோவும் போயிற்று. கூலிங் கிளாஸ் இன்னும் மோசம். விமானிகள் விரும்பிப் போடும் அந்த மெல்லிய உலோக ஃபிரேமில் பக்கவாட்டு முழுக்கத் திறந்திருக்கும். லென்ஸ் கண்ணாடியாகவோ சாதாரண பிளாஸ்டிக்காகவோ இருந்தால் அதுவே உடைந்து கண்ணுக்குள் போகலாம். இந்தக் கூட்டணியின் ஒரே பலம், ஏற்கெனவே கையில் இருப்பது.

அதே ஹெட்செட், மோதல் தாங்கும் கண்ணாடி

சில நூறு ரூபாயில் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் கடைகளில் கிடைக்கும் பாலிகார்பனேட் கண்ணாடிகள்தான் இவை. பாரிமுனையில் தேடினால் ரகம் ரகமாக இருக்கும். ஆனால் முத்திரை பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்க இசட்87 பிளஸ் முத்திரை இருந்தால், கால் அங்குல எஃகுக் குண்டை நொடிக்குச் சுமார் 45 மீட்டர் வேகத்தில் அடித்துப் பார்த்திருக்கிறார்கள், அரைக் கிலோ கூர்முனை எடையை 1.27 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். ஐரோப்பிய இஎன் 166-இல் எஃப் என்ற எழுத்து ஏறக்குறைய அதே வேகத்தைக் குறிக்கும். இதற்கு மேலே ராணுவத்துக்கான கண்ணாடிகள் இருக்கின்றன. அவற்றைக் குண்டுத் துண்டு போன்ற ஒன்றை நொடிக்கு 195 மீட்டருக்கு மேல் அடித்துச் சோதிக்கிறார்கள். விலையும் சில ஆயிரங்களுக்கு ஏறும். அக்ரிலிக் சில்லுக்கு முதல் வகையே பெரிய மாற்றம், இரண்டாவது வகை வாங்க முடிந்தால் நல்லது.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். காதுப் பக்கத் தண்டு மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த தண்டு ஹெட்செட்டின் காது உறையைத் தூக்கிவிடும், சத்தம் உள்ளே வரும், இரண்டு மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கும். பக்கவாட்டையும் மூடி வளைந்து வர வேண்டும். போலரைஸ்டு வேண்டாம், திரைகள் உள்ள காக்பிட்டில் சில கோணங்களில் திரை இருண்டு தெரியும். நிறமில்லாதது ஒன்றும் வெயிலுக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்றும் வைத்துக்கொண்டால் போதும். அந்தி நேரத்தில், கொக்குக் கூட்டம் அடையப் போகும்போது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணோடு இறங்குகிறவர்கள் நிறையப் பேர். நிறமில்லாத கண்ணாடி அந்த நேரத்துக்காகத்தான்.

இதன் குறை தெளிவு. மண்டைக்கு ஒன்றும் செய்யாது, வாய், மூக்கு, கன்னம் எல்லாம் திறந்தே இருக்கும்.

விமான ஹெல்மெட்

ஜென்டெக்ஸ் எச்ஜியு-56, எம்எஸ்ஏ காலே எல்எச்250 போன்றவை ஹெலிகாப்டருக்கென்றே செய்தவை. எடை ஒன்றேகால், ஒன்றரைக் கிலோவைச் சுற்றி வரும். நிறமில்லாத வைசர், கறுப்பு வைசர் என இரண்டு, தாடைப் பட்டை, உள்ளேயே காதணி, வாயருகே மைக். முன்கண்ணாடி போய்க் காற்று அடித்தாலும் தலையில் நிற்கும், ரேடியோ பேசும். மூக்குக்கு மேல் முகம் மூடியிருக்கும். பறவை மோதல் தாண்டி, தரையில் விழுந்து கதவுச் சட்டத்தில் தலை இடிக்கும்போதும் உதவும். இதற்கு ஈடு வேறெதுவும் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் விலை ஒரு லட்சத்துக்கு மேல், இறக்குமதிச் செலவு தனி. மே மாதம் காலை 11 மணிக்கு ஏசி இல்லாத விமானத்தில் ஓடுபாதையை நோக்கித் தரையில் ஊர்ந்து போய்க்கொண்டிருக்கும்போது தலையில் ஒன்றரைக் கிலோ என்பது சாதாரணமில்லை. வியர்வை கண்ணில் இறங்கினால் அதுவும் பார்வைக் குறைவுதான். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வைசர் பனி பூக்கும். இரண்டு இருக்கை செஸ்னா 152-இல் உயரமான ஒருவர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தால் தலை கூரையில் தட்டும். பக்கத்தில் ஆசிரியரும் ஹெல்மெட் போட்டிருந்தால் தலையைத் திருப்பவே யோசிக்க வேண்டும். பருந்தை முன்கூட்டியே பார்த்து விலகுவதுதான் முதல் பாதுகாப்பு, அந்தத் தலைதிருப்பலுக்கு ஹெல்மெட் இடைஞ்சலாக இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. பயிற்சி மாணவர்களுக்கு இதை முதலாவதாக நான் சொல்லாததற்கு இதுவே காரணம்.

ஹெலிகாப்டரில் நிலைமை வேறு. முகத்துக்கு முன்னால் எஞ்சினோ புரொப்பெல்லரோ இல்லை, கால்வரை கண்ணாடி, பறப்பதும் பறவைகளின் உயரத்திலேயே. விமானங்களுக்கு ஏற்படும் மோதல்களில் பத்துக்கு ஏழு 500 அடிக்குள் நடப்பவை என்று அமெரிக்கப் பதிவுகள் காட்டுகின்றன. ஹெலிகாப்டரோ நாள் முழுக்கத் தாழ்வாகவே வேலை செய்கிறது. அங்கே ஹெல்மெட் ஆடம்பரம் ஆகாது.

பழைய ராணுவ ஹெல்மெட் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்பவர்களுக்கு: அவற்றின் மைக் பெரும்பாலும் குறைந்த மின்தடை கொண்டது, சிவில் விமானத்தின் இன்டர்காமோடு இணைமாற்றி இல்லாமல் பேசாது. ஹெலிகாப்டர் பிளக்கும் சிறு விமானத்தின் இரட்டைப் பிளக்கும் வேறு. போர் விமான ஹெல்மெட் என்றால் மைக்கே ஆக்ஸிஜன் முகமூடிக்குள் இருக்கும், நமக்கு உதவாது. எல்லாவற்றுக்கும் மேல், உள்ளே இருக்கும் நுரை எத்தனை முறை கீழே விழுந்து நசுங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

பைக் ஹெல்மெட்

வீட்டில் ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கிறது, அதையே போடலாமே என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஹெட்செட் உள்ளே போகாது, பக்கப் பார்வை குறையும், எஞ்சின் சத்தம் மாறினால் காதில் விழாது. பாராமோட்டாருக்கும் (முதுகில் எஞ்சின் கட்டிய பாராகிளைடர்) மைக்ரோலைட்டுக்கும் இஎன் 966 தரத்தில், ஹெட்செட்டோடு சேர்த்தே செய்த இலகுவான ஹெல்மெட்டுகள் வருகின்றன. திறந்த வண்டிக்கு அவை.

முன்கண்ணாடியையே பலப்படுத்தினால்?

செஸ்னாவுக்குக் கால் அங்குலத் தடிமனில் அங்கீகரிக்கப்பட்ட முன்கண்ணாடி உண்டு. ராபின்சன் நிறுவனம் தன் ஹெலிகாப்டர்களுக்கு மோதல் தாங்கும் பாலிகார்பனேட் முன்கண்ணாடி தருகிறது. விமானியின் தலையைவிட முன்னால் நிற்கும் கவசம் என்பதால் கொள்கையளவில் இதுதான் சிறந்தது. இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 2009 ஜனவரி 4 அன்று லூசியானாவில் ஒரு சிகோர்ஸ்கி எஸ்-76 ஹெலிகாப்டரில் பருந்து மோதியது. அந்த அதிர்ச்சியில் மேலே இருந்த தீயணைப்புக் கைப்பிடிகள் இடம் பெயர்ந்து எஞ்சின் லீவர்களைப் பின்னுக்குத் தள்ளின, இரண்டு எஞ்சினும் சக்தி இழந்தன. 9 பேரில் 8 பேர் இறந்தார்கள். அதில் ஆலையில் பொருத்திய அடுக்குக் கண்ணாடியை எடுத்துவிட்டு எடை குறைந்த அக்ரிலிக் மாட்டியிருந்தார்கள். இரண்டு விமானிகளும் நல்ல ஹெல்மெட் போட்டிருந்தாலும் அந்த லீவர்களின் கதை மாறியிருக்காது.

ஆனால் முன்கண்ணாடி விமானத்தின் சொந்தக்காரர் முடிவு செய்ய வேண்டியது, மாணவர் கையில் இல்லை. விமானம் வாங்கும் நிலையிலோ பயிற்சிப் பள்ளி நடத்தும் நிலையிலோ இருப்பவர்கள் அடுத்த முறை கண்ணாடி மாற்றும்போது தடித்ததைக் கேளுங்கள். கேட்கிற ஒருவர் இருந்தால்தான் அந்தப் பேச்சே தொடங்கும்.

மாணவர் கையில் இருப்பது வேகம். 120 நாட்டிலிருந்து 80-க்குக் குறைத்தால் மோதலின் ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடும். தாழ்வாகப் பறக்கும்போது லேண்டிங் லைட் எரியட்டும். மழைக்கு மறுநாள் ஈசல் கிளம்பினால் பருந்துகள் கூட்டமாக வரும், ஓடுபாதையோரம் புல் வெட்டினால் உண்ணிக்கொக்கு வரும், அந்த நேரங்களை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எதிரே பறவை வந்தால் பெரும்பாலும் அது கீழ்நோக்கிப் பாயும், அதனால் வேகம் இடம் கொடுத்தால் மேலே ஏறுங்கள். மோதுவது உறுதி என்றால் தலையைத் தாழ்த்தி முகத்தைக் கருவிப் பலகைக்குப் பின்னால் கொண்டுபோங்கள்.

பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கடையில் வழக்கமாகத் தரும் பிளாஸ்டிக் லென்ஸ் பலமான அடிக்குத் தாங்காது. பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் லென்ஸ் என்று கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம்தான் கூடும். மருத்துவச் சான்றிதழில் கண்ணாடி கட்டாயம் என்றிருந்தால் பறக்கும்போது உபரியாக இன்னொரு ஜோடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதையும் அதே லென்ஸில் போடச் சொல்லுங்கள், பையின் அடியில் வைக்காமல் சட்டைப் பையில் வையுங்கள்.