உயிரோடு காட்டிய லாப்ஸ்டர் தட்டுக்கு வரவில்லை

கடந்த மாதம் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் வீட்டுச் சாப்பாட்டையே டப்பாவில் கொண்டுபோன மனிதர். ஒரு நாளாவது அவரை நல்ல இடத்தில் உட்காரவைத்து, வேண்டியதைச் சாப்பிடச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தம்பிக்கும் நெடுநாள் ஆசை. ஸ்டேக்குக்கும் கடல் உணவுக்கும் பேர்போன ஓர் உயர்தர உணவகத்தில் இரண்டு வாரம் முன்பே மேசை பதிவுசெய்தோம். அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இத்தகைய இடத்துக்கு முதல்முறை போகிறவர்கள், அதுவும் பெற்றோரை அழைத்துக்கொண்டு போகிறவர்கள், முழுவதும் படித்துவிட்டுப் போங்கள்.

உணவுப் பட்டியலில் லாப்ஸ்டருக்கு எதிரே தொகை இல்லை. 'சந்தை விலை' என்று மட்டும் இருந்தது. வரத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் ஏறி இறங்கும் சரக்குக்கு அப்படிப் போடுவது உண்டு, அதில் குற்றமில்லை. அன்றைய விலையைக் கேட்டேன். நூறு கிராமுக்கு இவ்வளவு என்றார் பரிமாறுபவர். மொத்த எடை எவ்வளவு இருக்கும் என்று கேட்டதும், "காட்டுகிறேன், மேடம்" என்று உள்ளே போய், பெரிய தட்டு ஒன்றில் உயிருள்ள லாப்ஸ்டரை ஏந்தி வந்தார். கொடுக்குகளில் ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். வாலை மடக்கி மடக்கி அடித்துக்கொண்டிருந்தது. நீளமான இரண்டு மீசைகளில் ஒன்று பாதியில் ஒடிந்திருந்தது. "பாவம், மீசை ஒடிந்திருக்கிறது" என்றார் அம்மா. அப்பாவையும் அதையும் சேர்த்து அம்மாவின் போனில் தம்பி ஒரு படம் எடுத்தான். எடை ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் வரும் என்றார் பரிமாறுபவர். முழுதாக ஆவியில் வேகவைத்துத் தரச் சொன்னோம். தராசில் வைத்துக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. இந்தப் பதிவில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கும் தம்பிக்கும் ஸ்டேக். "இன்று கோபே மாட்டிறைச்சி வந்திருக்கிறது, சார், தவறவிடாதீர்கள்" என்று பரிமாறுபவர் தானாகவே சொன்னார். ஜப்பானின் பேர்போன இறைச்சி அது. பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. சிறப்பு உணவு போலும் என்று நம்பி இருவரும் அதையே கேட்டார்கள். தம்பி மீடியம் ரேர், அதாவது உள்ளே இளஞ்சிவப்பு மாறாத வேக்காடு, என்று இரண்டு முறை சொன்னான்.

முதலில் வந்த ஸ்காலப் என்ற சிப்பிச் சதையைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. வெளுத்துப்போய், தட்டில் பால் போன்ற நீர் தேங்க வந்தது. பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்த ஸ்காலப் தண்ணீரைக் குடித்து எடை கூடும். சூடான கல்லில் போட்டால் அந்த நீரை விட்டு, சிவக்காமல் வேகும். அன்று அதுதான் நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அங்கேயே விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிறகு லாப்ஸ்டர் வந்தது. அம்மா கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு நாளும் மீன் வாங்கியதில்லை. ஒரு வாய் எடுத்து வைத்தார், மெல்லுவதை நிறுத்தினார், தட்டையே பார்த்தார். "இது நாம் பார்த்தது இல்லை" என்று என் காதோரம் சொன்னார்.

இரண்டு மீசைகளும் முழுதாக இருந்தன.

வால் நேராக நீண்டு கிடந்தது. உயிரோடு வேகவைத்த லாப்ஸ்டரின் வால் உள்பக்கம் சுருண்டு இறுகும். வெட்டாமல் முழுதாக வேகவைத்தால் அந்தச் சுருள் நன்றாகவே தெரியும். முன்பே இறந்து கிடந்ததை வேகவைத்தால் வால் தளர்ந்து கிடக்கும். சதையும் காட்டிக்கொடுத்துவிடும். இறந்தவுடனே அதன் செரிமான நொதிகள் சதையைக் கரைக்கத் தொடங்கிவிடுகின்றன, பாக்டீரியாவும் வேகமாகப் பெருகுகிறது. நார்நாராகப் பிரிய வேண்டிய சதை மாவு போல உதிரும். எங்கள் தட்டில் இருந்தது உதிர்ந்தது. இதற்காகத்தான் லாப்ஸ்டரை உயிரோடு வைத்திருந்து சமைக்கிறார்கள். கெட்டுப்போன சரக்கை எவ்வளவு வேகவைத்தாலும் அது நல்லதாகிவிடாது. அறுபதைத் தாண்டிய இருவர் உட்கார்ந்திருந்த மேசைக்கு அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஏமாந்த பணத்தைவிட இதுதான் என்னை அதிகம் கொதிக்கவைக்கிறது.

பரிமாறுபவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வேகும்போது அப்படித்தான் ஆகும், மேடம்" என்றார். ஒடிந்த மீசை வேகும்போது வளராது என்று சொல்லி, போனில் இருந்த படத்தைக் காட்டினேன். மேலாளரை அழைத்துவருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் நெடுநேரம் வரவில்லை. தட்டில் இருந்ததையும் தம்பி படம் எடுத்து வைத்தான்.

அதற்குள் ஸ்டேக் வந்தது. தம்பி நடுவில் ஒரு வெட்டுப் போட்டான். ஓரத்திலிருந்து மையம் வரை ஒரே சாம்பல் நிறம். மீடியம் ரேர் என்றால் மையத்தில் ஏறத்தாழ 54 முதல் 57 டிகிரி செல்சியஸ். உள்ளே இளஞ்சிவப்பாக, சாறோடு இருக்க வேண்டும். வேகாமல் வந்தால் திரும்பவும் அடுப்பில் வைக்கலாம். கூடுதலாக வெந்ததைத் திருத்த வழியே இல்லை, வேறு துண்டுதான் போட வேண்டும். திருப்பி அனுப்பினோம். பத்து நிமிடத்தில் 'புதிய' தட்டு வந்தது, மேலே கெட்டியாக மிளகு சாஸ் ஊற்றி. தம்பி கத்தியால் சாஸை ஒதுக்கினான். அவன் போட்ட வெட்டு அங்கேயே இருந்தது. துண்டைக் கவிழ்த்துப் போட்டு, வெட்டின் மேல் சாஸை ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். மாறக் கூடாத லாப்ஸ்டர் மாறி வந்தது. மாற்றித் தர வேண்டிய இறைச்சி மாறாமல் வந்தது.

நான் குறை சொல்லாத விஷயங்களும் உண்டு. பட்டியலில் போடும் 300 கிராம் என்பது பச்சை இறைச்சியின் எடை. வேகும்போது அதில் கால் பங்கு வரை குறையலாம். லாப்ஸ்டரிலும் ஓட்டைக் கழித்தால் உயிர் எடையில் ஏறத்தாழ கால் பங்குதான் சதை தேறும். 'இவ்வளவுதானா' என்று தோன்றுவது இயல்பு. அது ஏமாற்று ஆகாது.

பில்லில் லாப்ஸ்டரின் எடை 1 கிலோ 420 கிராம் என்று இருந்தது. ஒரு கிலோவுக்குப் பக்கம் என்று சொன்னதற்கு இப்படி ஏறியிருந்தது. எடைச் சீட்டைக் கேட்டேன். "சமையலறையில் எடைபோட்டோம்" என்றார் ஒருவழியாக வந்து சேர்ந்த மேலாளர். சீட்டு இல்லை. ஸ்டேக் இருந்த வரியில் கோபே இல்லை, வாக்யு என்று இருந்தது. கேட்டால் "இரண்டும் ஒன்றுதான்" என்றார்.

ஒன்றில்லை. வாக்யு என்பதற்கு ஜப்பானிய மாடு என்று பொருள்; அங்கே அந்தப் பெயரில் நான்கு இனங்கள் உண்டு. கோபே என்ற பெயர், ஹியோகோ மாகாணத்தில் வளர்ந்த தஜிமா வழி மாடுகளில், தரச் சோதனையில் தேறியவற்றின் இறைச்சிக்கு மட்டும் உரியது. ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க அடையாள எண் உண்டு. 2012இல்தான் அந்த இறைச்சியை ஜப்பானுக்கு வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். வெளிநாடுகளில் வாக்யு என்று விற்பதில் ஆங்கஸ் போன்ற இனங்களோடு கலந்த மாடு நிறைய உண்டு. அதுவும் நல்ல இறைச்சியாக இருக்கலாம், ஆனால் கோபே இல்லை. யாராவது வாயால் கோபே என்று சொன்னால், அந்த எண்ணையும் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டபோது மேலாளர் பேச்சை மாற்றி, இனிப்பு ஏதாவது கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.

கேட்காமலே மேசையில் வைத்த ரொட்டிக்கும் பாட்டில் தண்ணீருக்கும் தனித்தனியாகக் கட்டணம் போட்டிருந்தார்கள். சேவைக் கட்டணம் ஏற்கெனவே பில்லில் சேர்ந்திருந்தது. அட்டையைத் தேய்க்கும் கருவியை நீட்டியபோது அதன் திரையிலும் டிப்ஸ் எவ்வளவு என்ற கேள்வி நின்றது. பில்லைப் படிக்காமல் எண்ணை அழுத்துகிறவர் இரண்டு முறை கொடுத்துவிடுவார்.

அரை மணி நேரம் வாதாடினேன். தம்பியின் ஸ்டேக்கையும் சேவைக் கட்டணத்தையும் கழித்தார்கள். லாப்ஸ்டரில் ஒரு கிராம் கூடக் குறைக்க மாட்டோம் என்றார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்பா எழுந்து நின்று, "போதும் அம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றார். அவர் பட்டியலைக் கையில் எடுத்து ஒவ்வொரு வரியாக ஆசையோடு படித்த முகம் எனக்குள் இன்னும் இருக்கிறது. அவருக்காகவே வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கட்டினேன்.

எடையைக் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். அதை ஆர்டர் சீட்டில் எழுதச் சொல்லி, நூறு கிராம் விலையோடு நீங்களே பெருக்கிப் பாருங்கள். இதைக் கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. நேர்மையாக நடத்துகிற இடத்தில் முகம் சுளிக்காமல் செய்வார்கள். உயிரோடு காட்டினால் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேக் வந்ததும், பரிமாறுபவர் நகர்வதற்கு முன்பே நடுவில் வெட்டிப் பாருங்கள். திருப்பி அனுப்பினால், முதல் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் புதியதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மறுநாள் காலை நுகர்வோர் புகார்ப் பிரிவுக்கு எழுதினேன். பில்லின் நகலை இணைத்தேன். அம்மாவின் போனில் இரண்டு படங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன: ஒன்றில் மீசை ஒடிந்திருக்கிறது, மற்றதில் முழுதாக இருக்கிறது. அவற்றையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.