22 அங்குலக் கட்டை கடைய ஒரு லேத்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

பெரிய மரக்கட்டையைக் கிண்ணமாகக் கடைய லேத் (மரத்தைச் சுழற்றி உளியால் கடையும் இயந்திரம்) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஸ்விங் (கடையக்கூடிய அதிகபட்ச விட்டம்) எவ்வளவு, மோட்டார் எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்) என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி, வலு குறையாமல் எவ்வளவு மெதுவாகச் சுற்றும் என்பது. எங்கள் பட்டறையில் ஓடுவது 24 அங்குல ஸ்விங், வார்ப்பிரும்பு பெட் (அடிச்சட்டம்), 3 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார், வி.எஃப்.டி. (மின்சாரத்தின் அதிர்வெண்ணை, அதாவது ஹெர்ட்ஸை, மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பொருத்திய லேத். தூங்குமூஞ்சி, வாகை, மா, பலா என்று எல்லாம் ஏறியிருக்கிறது. நல்ல இயந்திரம்தான், ஆனால் வாங்கி வந்த நிலையில் பெரிய கட்டைக்குத் தயாராக இல்லை.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். 22 அங்குல விட்டம், 6 அங்குல கனமுள்ள பச்சைத் தூங்குமூஞ்சிக் கட்டை 30 கிலோவைத் தாண்டும். அதில் ஒரு பக்கம் 1 கிலோ கூடுதலாக, மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், 300 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 300 சுற்று) ஸ்பிண்டிலை, அதாவது கட்டையைச் சுழற்றும் தண்டை, ஏறத்தாழ 25 கிலோ எடைக்குச் சமமான விசை ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும். வேகம் 600 ஆனால் அது 100 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து ஆர்.பி.எம்.மால் பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வரலாம் என்று கடைசல்காரர்கள் வைத்திருக்கும் அளவு, வட்டமாகி எடை சமமான கட்டைக்குத்தான். கோடரி பட்ட முரட்டுக் கட்டையை 120, 150 ஆர்.பி.எம்.மில் தொடங்குங்கள். லேத் ஆட ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திக் கடைந்து, ஆட்டம் குறையக் குறைய ஏற்றுங்கள்.

அந்த 120-ஐ வி.எஃப்.டி.யில் ஹெர்ட்ஸைக் குறைத்து மட்டும் எடுக்கக் கூடாது. 1440 ஆர்.பி.எம். மோட்டாரை 4, 5 ஹெர்ட்ஸில் ஓட்டினால் உளி பட்டதும் திணறும். மோட்டாரின் விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது, அதுவும் மெதுவாகச் சுற்றுவதால் காயில் சூடாகும். 4:1 புல்லி (மோட்டார் நாலு சுற்றுச் சுற்றினால் ஸ்பிண்டில் ஒரு சுற்று) போட்டுக்கொண்டால் 50 ஹெர்ட்ஸில் 360 ஆர்.பி.எம்., 17 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 120. பெரிய கட்டைக்கு வேண்டியது முழுக்க இந்த எல்லைக்குள் கிடைத்துவிடும். வீட்டு சிங்கிள் ஃபேஸில் ஓட்டுகிறவர்கள் மோட்டாரின் பெயர்ப்பலகையில் 230/415 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டெல்டா இணைப்புக்கு (காயில்களை 230 வோல்ட்டுக்கு ஏற்ப இணைக்கும் முறை) மாற்றி ஓட்டலாம். 415 மட்டும் இருந்தால் வீட்டு 230 வோல்ட்டில் அது வலுவோடு ஓடாது, வி.எஃப்.டி.யை வாங்கிவிட்டு வருத்தப்பட வேண்டியிருக்கும்.

வி.எஃப்.டி.யில் இரண்டு அமைப்புகளைக் கட்டாயம் மாற்ற வேண்டும். ஒன்று, நிற்கும் நேரம். 30 கிலோ கட்டையை 3 விநாடியில் நிறுத்தச் சொன்னால் சுற்றும் கட்டையே மோட்டாரை ஜெனரேட்டராக்கி மின்னழுத்தத்தை ஏற்றிவிடும், வி.எஃப்.டி. டிரிப் ஆகும். அதோடு, ஸ்பிண்டிலில் திருகிப் பொருத்திய ஃபேஸ்பிளேட் (கட்டையை ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கும் வட்டத் தகடு) திடீர் பிரேக்கில் கழன்று கட்டையோடு தரையில் விழுந்து ஓடும். 15 முதல் 20 விநாடி வையுங்கள். ரிவர்ஸ் ஓட்டுவதானால் ஃபேஸ்பிளேட்டை ஸ்பிண்டிலோடு பூட்டும் செட் ஸ்க்ரூ இல்லாமல் தொடவே வேண்டாம். இரண்டாவது, தாண்டல் அதிர்வெண். ஒவ்வொரு லேத்துக்கும், அது நிற்கும் தரைக்கும் ஏற்ப ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உடம்பே குலுங்கும். அதற்குக் கீழும் மேலும் அமைதியாக இருக்கும். அந்த ஹெர்ட்ஸைக் குறித்து வி.எஃப்.டி.யில் பதிந்துவிட்டால் அங்கே நிற்காமல் தாண்டிப் போய்விடும். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஆட்டத்துக்கு அடுத்த மருந்து எடையும் தரையும். கான்கிரீட்டில் எம்16 ஆங்கர் போல்ட், கால்களுக்கு நடுவே பலகை அடித்து மணல் மூட்டை. நாலு காலும் தரையில் சமமாக உட்காராமல் போல்ட்டை முறுக்கினால் பெட் முறுகி, டெயில்ஸ்டாக் (கட்டையை எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்கும் பகுதி) முனை ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டில் இருக்கும் பகுதி) முனையோடு சேராது. தகடு வைத்துச் சமன் செய்த பிறகே முறுக்குங்கள்.

கட்டையைப் பிடிப்பதில் கஞ்சத்தனம் ஆபத்து. 22 அங்குலத்துக்கு 6 அங்குல எஃகு ஃபேஸ்பிளேட், 8 தடித்த மர ஸ்க்ரூ, மரத்துக்குள் குறைந்தது ஒன்றரை அங்குலம் இறங்க வேண்டும். ஜிப்சம் போர்டுக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். அது வளையாது, அதிர்வில் தலை தெறிக்கும். மரப்பட்டை, வெடிப்பு, பூச்சி தின்ற வெள்ளைப் பகுதி இவற்றில் ஸ்க்ரூ பிடிக்காது, அந்த அடுக்கைச் செதுக்கி எடுத்துவிட்டுப் பொருத்துங்கள். உள்ளே குடைய இடம் வேண்டும் என்பதைத் தவிர வேறு எதற்காகவும் டெயில்ஸ்டாக்கை விலக்காதீர்கள்.

ஹெட்ஸ்டாக்கின் வெளிப்பக்கத்தில் 30 அங்குலம் கடையலாம் என்று விற்பவர் சொல்வார். அந்தப் பக்கம் இடப்புரித் திருகு (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் முறுகும் மரை) இருக்கிறதா என்று பாருங்கள். வலப்புரி இருந்தால் உளியின் அழுத்தமே ஃபேஸ்பிளேட்டைக் கழற்றும். டெயில்ஸ்டாக் துணையும் அங்கே கிடையாது.

மரத்தைப் பொறுத்தவரை சாலையோர மரம் மலிவு, ஆனால் விளம்பரத் தகடு அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கும். அறுத்த முகத்தில் நீலக் கறுப்பாகக் கறை தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது. மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுங்கள். வட்டம் வெட்டும்போது மரத்தின் நடுப்புள்ளியை விட்டுவிடுங்கள், அது உள்ளே இருந்தால் காயும்போது அங்கிருந்தே வெடிக்கும். முதல் கடைசலில் கிண்ணச் சுவரின் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக. மர இழை குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரியும் முகங்களில் மெழுகு பூசி நிழலில் வைத்து, மாதம் ஒருமுறை எடை போட்டு அடியில் எழுதுங்கள். எடை இறங்குவது நின்றால்தான் காய்ந்தது. வளர்ச்சி வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது குறுக்கே சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதனால் வட்டம் முட்டை வடிவமாகும். அந்தக் கூடுதல் கனம் இரண்டாம் கடைசலில் அதை மறுபடி வட்டமாக்கத்தான். தூங்குமூஞ்சித் தூள் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும், உப்புத்தாள் போடும்போது முகமூடி அவசியம்.

இத்தனை காலத்தில் மாற்றியவை பெல்ட்டும் ஹெட்ஸ்டாக்கின் முன்பக்க பேரிங்கும். பெல்ட் தேய்வது இயல்பு. பேரிங் போனதற்குக் காரணம் சமனற்ற கட்டைகளின் இழுப்பு, முழுச் சுமையும் அதன் மேல்தான் தொங்குகிறது. வாங்குமுன் ஃபேஸ்பிளேட்டில் ஒரு கடப்பாரையை ஊன்றி மேலும் கீழும் நெம்பிப் பாருங்கள், ஸ்பிண்டிலில் வைத்த டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் கருவி) முள் அசைந்தால் பேரிங் செலவையும் விலையில் கழியுங்கள். மிகக் குறைந்த வேகம் 400-க்கு மேல் என்றால் புல்லி மாற்ற ஹெட்ஸ்டாக்கில் இடமிருக்கிறதா என்று அளந்துவிட்டு, இல்லையென்றால் அந்த லேத்தை விட்டுவிடுங்கள்.