புது வீடுதானே என்று நம்பிச் சாவியை வாங்காதீர்கள்

கிளிநொச்சிப் பக்கம் கட்டி விற்கிற வீடு வாங்க யோசிப்பவர்களும், வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பி அம்மா அப்பாவுக்கு வீடு எடுத்துக் கொடுக்கப் போகிறவர்களும் இதைத் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். பரந்தனுக்குக் கிட்ட என் அக்கா குடும்பம் வாங்கிய புது வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். கட்டி விற்றவரின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரிக் கட்டுகிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதால், அந்த ஒருவரை மட்டும் விலக்கி நடந்தால் போதாது.

வயற்காணியைக் கிரவல் கொட்டி உயர்த்திக் கட்டிய வீடு. பளிச்சென்ற ரைல்ஸ், சீலிங், வரிசையாக லைற். பார்த்தவுடன் அக்காவுக்குப் பிடித்துவிட்டது. "ஒரு என்ஜினியரைக் கூட்டிவந்து காட்டட்டோ?" என்று அத்தான் கேட்டதற்கு விற்றவர் சொன்ன பதில்: "புது வீட்டில என்னத்தைப் பாக்கிறது தம்பி? பாங்க்கில இருந்து வந்து பாத்திட்டினம். பிரதேச சபை அனுமதியும் கிடக்கு. வேற ஆக்கள் அட்வான்ஸோட நிக்கினம், நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ." இப்படி அவசரப்படுத்தித்தான் எழுத்து முடிந்தது.

அவர் சொன்ன இரண்டும் உண்மைதான். ஆனால் அவற்றால் வாங்குகிறவருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. வங்கி அனுப்புகிறவர் மதிப்பீடு செய்ய வருகிறவர். கொடுக்கிற கடனுக்குக் காணியும் கட்டடமும் ஈடாகுமா என்று பார்ப்பதே அவர் வேலை. கட்டட அனுமதி என்பது கட்டத் தொடங்க முன்பு வரைபடத்துக்குக் கொடுப்பது. அந்த வரைபடத்தின்படி கட்டி முடித்ததற்கு சி.ஓ.சி. என்று இன்னொரு சான்றிதழ் இருக்கிறது. அதை "பிறகு எடுத்துத் தாறன்" என்றார், இன்றுவரை தரவில்லை. அத்திவாரம் எதில் நிற்கிறது, சுவருக்குள் என்ன வயர் போகிறது என்று வாங்குகிறவரின் பக்கம் நின்று பார்த்த ஆள் ஒருவர்கூட இல்லை.

முதல் மாரியிலேயே யன்னல் மூலைகளில் இருந்து சரிவாக வெடிப்பு ஓடியது. சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறிப் பெயின்ற் உரிந்தது. "புதுச் சுவர் காயிற வெடிப்பு, பூசிவிட்டால் சரி" என்று ஆள் அனுப்பிப் பூசினார்கள். கோடையில் அதே இடம் இன்னும் அகலமாகத் திறந்தது. அப்புறம்தான் தெரிந்தவர் மூலம் ஒரு பட்டயப் பொறியியலாளரை அழைத்தோம்.

அவர் வீட்டின் வெளிமூலையில் ஒரு குழி வெட்டச் சொன்னார். அத்திவாரம் கொட்டிய கிரவலுக்குள்ளேயே முடிந்திருந்தது, கீழே இருக்கும் பழைய தரையைத் தொடவே இல்லை. அந்தக் கிரவலும் படை படையாகத் தண்ணீர் விட்டு இறுக்காமல் ஒரேயடியாகக் கொட்டியது. அதன் கீழே வயல் களி. மாரியில் தண்ணீர் குடித்து ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மேலே இருக்கிற வீடும் அதோடு சேர்ந்து அசையும். அத்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் சாந்து போட்டுத் தார் பூச வேண்டிய டி.பி.சி. படையும் இல்லை.

எனக்கு நெஞ்சு பதறியது கரண்ட் விசயத்தில்தான். மெயின் போர்ட்டில், கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற றிப் சுவிட்ச் இருந்தது. அதில் உள்ள ரெஸ்ற் பட்டனை அமத்தினால் டக்கென்று விழுந்தது. வயரிங் செய்தவர் அதை அமத்திக் காட்டித்தான் "எல்லாம் சரி" என்று ஒப்படைத்திருக்கிறார். ஆனால் கசிகிற கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகிற ஏர்த் இல்லாவிட்டாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். சுவிட்ச் விழுகிறதா என்று மட்டுமே அது சோதிக்கிறது. பொறியியலாளர் மீற்றர் வைத்துப் பார்த்தபோது பிளக் ஒன்றிலும் ஏர்த் இல்லை. ஏர்த்துக்கான பச்சை வயர் போர்ட் வரை வந்து பின்னால் மடித்து விடப்பட்டிருந்தது. நிலத்தில் ஏர்த் கம்பியே அடிக்கவில்லை. அப்படியான வீட்டில் பிரிட்ஜின் உடம்புக்குக் கரண்ட் கசிந்தால், யாராவது தொடும்வரை சுவிட்ச் விழாது. தொட்டவரின் உடம்பு வழியாக ஓடிய பிறகுதான் விழும். அக்காவின் சின்னவனுக்கு நாலு வயது, வெறுங்காலோடு அந்தப் பிரிட்ஜைத் திறக்கிற பிள்ளை. ஒரு செப்புக் கம்பியும் கொஞ்ச வயரும் மிச்சம் பிடிக்க இதைச் செய்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சீலிங்கைக் கழற்றினால் முதிரை என்று விலை போட்ட கூரை மரம் வேறு ஏதோ இலேசான மரம். சாயம் பூசியிருந்தது, ஒரு மூலையில் கறையான் ஏறத் தொடங்கியிருந்தது. மலசலகூடக் குழி வரைபடத்தில் பின்மூலையில் இருக்கிறது, நிலத்திலோ கிணற்றுப் பக்கம். ரைல்ஸைக் காசால் தட்டினால் பாதி இடத்தில் வெற்றுச் சத்தம்.

போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் எங்கள் பக்கம் கட்டிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய்தான். அதையும் ஒரேயடியாகக் கொடுக்கவில்லை. கட்டின வேலையைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த கட்டக் காசு விட்டார்கள். அதைப் போலப் பல மடங்கு காசு கொடுத்து வாங்கும் வீட்டுக்கு அந்தப் பார்வைகூட இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆளை வைத்துக் கட்டுவிக்கிறவர்கள், அத்திவாரம் மூட முன்பு, கொங்கிரீற் போட முன்பு கம்பி கட்டியபடி இருக்கும்போது, சுவர் பூச முன்பு, சீலிங் அடிக்க முன்பு என்று கட்டத்துக்குக் கட்டம் உங்கள் சொந்த ஆளைக் கொண்டு பாருங்கள். ஒப்பந்தக்காரர் கூட்டி வருகிற என்ஜினியர் வேண்டாம். மொத்தக் காசில் ஒரு பங்கை, பொதுவாக 5 சதவீதம், ஒரு மாரி கழியும்வரை கையில் வைத்திருப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பெரிய கட்டட வேலைகளில் இது வழமையான நடைமுறை, கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. கட்டி முடிந்த வீட்டை வாங்குவதென்றால் அட்வான்ஸ் கொடுக்க முன்பு பொறியியலாளரின் எழுத்துமூல அறிக்கை வேண்டும். எங்களுக்குப் பார்த்தவர் வாங்கிய கூலி அக்கா வீட்டுக் கேற்றின் விலையில் பாதிகூட வராது.

விற்றவர் இப்போது போன் எடுப்பதில்லை. பிரதேச சபையில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், சட்டத்தரணியோடும் கதைத்திருக்கிறோம். ஏர்த்தை மட்டும் அன்றைக்கே அடிப்பித்துவிட்டோம். அதே வரிசையில் அதே ஆள் கட்டிய வீடுகள் இன்னும் விற்பனைக்கு நிற்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் சீலிங்கில் ஒரு தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், வெளிமூலையில் ஒரு குழி வெட்ட விடுவாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.